கொம்பனி வேனின் கதவு

பெரகலை
9 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் உட்கார்ந்திருக்கும் ஜன்னலிலிருந்து, மூட்டம் விலகினால் நம் கரடிமலைத் தோட்டத்தின் தேயிலை ஸ்டோர் கூரை தெரிகிறது. இவ்வளவு கிட்ட வந்தும் கடிதமா என்று மதினி கேட்பார். உங்கள் லயத்து வீட்டில் சிக்னல் இல்லை. இருந்தாலும் நீங்கள் போனில் “சரி, சரி” என்பதற்கு மேல் பேச மாட்டீர்கள். நான் கொன்வென்ட் போர்டிங்கில் இருந்த காலத்திலிருந்தே நமக்குக் கடிதம்தான் ஒத்துவருகிறது. எங்கள் வேன் டிரைவர் இத்ரூஸ் நானா நம்பிக்கையானவர். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எங்களை ஒரு பழைய துரை பங்களாவில் தங்க வைத்திருக்கிறார்கள். இப்போது அது ஹொட்டல். பொழுது சாய்ந்ததும் அறையில் நெருப்பு மூட்டுகிறார்கள். படுக்கைக்குள் வெந்நீர்ப் பை வைக்கிறார்கள். கழற்றிப் போட்ட உடுப்பு காலையில் தேய்த்து மடித்து வருகிறது. சாப்பாடு, சலவை, ஏசி வேன், காப்புறுதி எல்லாம் கொம்பனியின் பொறுப்பு. எங்கள் தலைவர் ஜெயகுமார் ஸேர் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஹொட்டல்காரர்கள் புள்ளி போடுகிறார்களாம். புள்ளி சேர்ந்தால் மாலைதீவில் சும்மா தங்கலாம். தோட்டத்துச் செலவை எப்படிக் குறைப்பது என்று அறிக்கை எழுத வந்தவர்கள் நாங்கள். சிரிக்காதீர்கள்.

இத்ரூஸ் நானாவுக்கு மட்டும் கராஜுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அவர் வாடகை வேனோடு வந்தவர், கொம்பனி ஆள் இல்லை. அதனால் விதியில் அவருக்கு இடமில்லையாம்.

ஒன்று கேட்க வேண்டும். கோபப்படக் கூடாது. ஜெயகுமார் ஸேருக்கு நான் பண்டாரவளைப் பிள்ளை என்றுதான் தெரியும். சொந்தக்காரர் இருக்கிற இடத்தில் வேலை செய்ய எங்கள் விதி விடாது. தெரிந்தால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் மலையில் என்னைக் கண்டால் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதீர்கள். மதினியிடமும் சொல்லிவையுங்கள். வேலை முடிந்ததும் லீவு போட்டு வந்து ஒரு வாரம் உங்களோடு இருப்பேன். பிள்ளை விதுஷாவுக்குப் பள்ளிக்கூடம் போட்டுப் போக ஒரு சோடி சப்பாத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

அடுத்த கிழமை ட்ரோன் பறக்கவிட்டு மலையை அளக்கப் போகிறோம். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கலாம்.

உங்கள் தங்கை
ஷிரோமி


கரடிமலைத் தோட்டம், மேல் டிவிசன்
12 பெப்ரவரி 2025

தங்கச்சி ஷிரோமிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் மதினி அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். நீ வருவாய் என்று போன வாரமே காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுப் பாய் வாங்கி வைத்திருந்தாள். “பாய் எங்கயும் போயிராது, ஷிரோமி வர்றப்ப விரிக்கலாம்” என்று மடித்து மேலே வைத்துவிட்டாள். கோபம் எதுவும் இல்லை. உன்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டோம். விதுஷாவுக்குத்தான் விளங்கவில்லை. அத்தை ஏன் நம்மைத் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று கேட்கிறாள்.

இங்கே நிலைமை சரியில்லை. நேற்றுக் காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது சின்னராசாவுக்கு அரைப்பேர் போட்டுவிட்டார்கள். முந்தின நாள் முழுக்க உழைத்தவனுக்குப் பாதிச் சம்பளம். அவன் சத்தம் போட்டான். தோட்டத்துக் காவல்காரன் பொல்லால் அவன் வாயிலேயே போட்டான். முன்பல் இரண்டும் மண்ணில் கிடந்தன. நான் போய்க் காவல்காரனைச் சட்டையோடு தூக்கித் தண்ணீர்க் கானுக்குள் தள்ளினேன். என்னை இழுத்துப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. சங்கத்துத் தலைவராக இருப்பவன் இப்படிச் செய்யலாமா என்று உன் மதினி றீட்டா அன்றைக்குச் சோறு போடும்போதும் ஏசினாள். கை நீண்டுவிட்டால் எனக்குக் காது கேட்காது என்று அவள் சொல்வது உனக்குத் தெரியும்.

சின்னராசாவை ஆட்டோவில் அனுப்பினோம். தோட்டத்து அம்புலன்ஸ் இப்போது இங்கே நிற்பதில்லை. கீழே இருக்கும் தோட்டத்தோடு சேர்த்து ஒரே வண்டியாக்கிவிட்டார்கள். போன வருசம் கொழும்பிலிருந்து வந்த அறிக்கையில் அப்படி எழுதியிருந்ததாம். அது உங்கள் கொம்பனியா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அந்தப் பறக்கிற மிசினைப் பற்றி ஒன்று. மேல் மலைப் பாறைக் கல்லில் பெரிய பெரிய குளவிக் கூடுகள் தொங்குகின்றன. றீட்டாவோடு கொழுந்து பறிக்கிற கூட்டம் இந்த மாதம் அந்தக் கல்லுக்குக் கீழேதான். கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டோம். நீயும் உன் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவை.

இத்ரூஸ் நானா நல்ல மனிதர். வாசலில் நின்று ஒரு பிளேன்ரீ குடித்தார். ரொட்டியும் சம்பலும் கொடுத்தனுப்புகிறோம். வெந்நீர்ப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடு.

உன் அண்ணன்
இராயப்பன்


பதுளைச் சிறை
2 மார்ச் 2025

ஷிரோமிக்கு,

ஜெயிலில் கடிதங்களைப் பிரித்து வாசிக்கிறார்கள். எங்கள் வக்கீல் ஸில்மியா கொண்டுபோவதைத் தொடுவதில்லை. நீ பதில் எழுதினாலும் அவர் கையில்தான் கொடு.

றீட்டாவின் அடக்கத்துக்கு என்னை விலங்கோடு கூட்டிப்போனார்கள். பாதர் செபம் சொல்லும்போது நான் உன்னைத் தேடினேன். நீ வரவில்லை.

அன்றைக்கு நீ வேனுக்குள் இருந்தாய். வெளியில் நடந்தது உனக்கு எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் கீழ் மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் மிசின் கல்லை ஒட்டிப் போனது. பிறகு கல்லே கரைந்து இறங்குவது போல் கருப்பாக ஒன்று இறங்கியது. பெண்கள் கத்தின சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. கூடையை எறிந்துவிட்டு உருண்டார்கள். தேயிலைக்குள் தலையை விட்டார்கள். பக்கத்துக் காம்பரா கருப்பம்மா ஓட முடியாமல் விழுந்துவிட்டாள். றீட்டா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவள் மேல் போட்டு மூடினாள். தன்னை மூடிக்கொள்ள ஒன்றும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் தலையில் முடி தெரியவில்லை, குளவிதான் தெரிந்தது. கையால் வழித்து எறிந்தேன். வாய்க்குள்ளும் போயிருந்தன. விரலை விட்டு எடுத்தேன். கண் இரண்டும் மூடி, உதடு வீங்கி, அது என் மனைவியின் முகம் என்று உடுப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது.

அம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பினோம். அது கீழ்த் தோட்டத்துப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்றார்கள். றீட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். உங்கள் வேன் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது.

நடுக் கதவில் அடித்தேன். “ஏத்திக்கங்க, உசுரு போகுது” என்றேன். உள்ளே பூட்டுகிற சத்தம் கேட்டது, ஷிரோமி. கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். நீ.

நீ கேட்டுக்கொண்டதை மீறி உன் பெயரைச் சொன்னேன். “ஷிரோமி, தொறடி. றீட்டா.” அப்போதும் நீ அசையவில்லை.

அதற்குப் பிறகு என் கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். முன் கதவின் கண்ணாடியை உடைத்தேன். உன் பெரியவரை அந்த ஓட்டை வழியாகவே வெளியில் இழுத்தேன். கத்தியைத் திருப்பிப் பிடித்துப் பிடியால்தான் அடித்தேன். கத்தியால் அடித்திருந்தால் அவர் இன்றைக்கு இருக்க மாட்டார். ஒரு கண் போய்விட்டது என்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் வரவில்லை. வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே நேற்று ஒருவன் றீட்டாவைப் பற்றி ஏதோ சொன்னான். அவன் தலையைச் சுவரில் மோதினேன். என் உதடும் கிழிந்துவிட்டது.

பூட்டியது நீயா? அதை மட்டும் எழுது.

இராயப்பன்


கொழும்பு
9 மார்ச் 2025

அண்ணனுக்கு,

பூட்டியது நான்தான்.

அடக்கத்துக்கு என்னை விடவில்லை. அது நடந்த அன்று பின்னேரமே வேறொரு வாகனம் வந்து என்னை ஏற்றிக்கொண்டது. ஜெயகுமார் ஸேரைத் தியத்தலாவை மைதானத்திலிருந்து ஹெலிகொப்டரில் கொண்டுபோனார்கள். பயணக் காப்புறுதியில் அதெல்லாம் உண்டாம். என்னைக் கடல் பார்க்கிற ஹொட்டலில் வைத்திருக்கிறார்கள். மனசுக்கென்று ஒரு டொக்டர் வருகிறார். கதவுக்கு வெளியே ஒரு காவல்காரர் இருக்கிறார். அது யாரை யாரிடமிருந்து காப்பதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் என் அண்ணன் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். என் மேல் நடவடிக்கை எடுக்காமல் அன்பாகப் பேசுகிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

நான் குளவிக் கூடுகளைப் பற்றி ஸேரிடம் சொன்னேன். “நாலு நாளைக்குத்தான் மிசின் வாடகைக்கு எடுத்திருக்கு. கல்லைக் கண்டு திரும்பினா மலையோட மெப் எப்படி வரும்?” என்றார். நான் மறுபடி சொல்லவில்லை.

வேனுக்குள் என்ன நடந்தது என்பதை நானும் எழுதுகிறேன். கண்ணாடி முழுவதும் குளவி அப்பியிருந்தது. வெளியில் ஆட்கள் நிழலாகத் தெரிந்தார்கள். யாரோ யாரையோ தூக்கி வருவது தெரிந்தது. ஸேர் முன் சீட்டிலிருந்து திரும்பி, “லொக் பண்ணு ஷிரோமி. கொம்பனி ஆள் தவிர யாரையும் ஏத்தக் கூடாது. வழியில ஏதும் நடந்தா இன்ஷூரன்ஸ் நம்மளைத்தான் பிடிக்கும்” என்றார். என் விரல் அழுத்தியது. அது மதினி என்று அப்போது தெரியாது. நீங்கள் என் பெயரைச் சொன்ன பிறகு தெரியும். அப்போது எனக்கு முதலில் வந்த நினைப்பு, ஸேருக்கு முன்னால் என் பெயரைச் சொல்லிவிட்டாரே என்பதுதான். மதினியின் கை கண்ணாடியில் இழுபட்டுக்கொண்டு கீழே போனது. அதற்குப் பிறகுதான் என் விரல் பூட்டைத் தேடியது. நீங்கள் அதற்குள் கண்ணாடியை உடைத்துவிட்டீர்கள்.

இதைச் சொல்லி உங்கள் மனசை ஆற்ற நான் எழுதவில்லை. அது ஆறாது.

ஆனால் அண்ணே, நடந்ததை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஸேர் “எடு, வண்டிய எடு” என்று கத்தினபோது இத்ரூஸ் நானா எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியோடு இறங்கினார். குளவிக்குள் சட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து கதவை அவர்தான் வெளியிலிருந்து திறந்தார். கதவு திறந்திருந்தது, அண்ணே. மதினி ரோட்டில் கிடந்தார். நீங்கள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸேரை அடித்துக்கொண்டிருந்தீர்கள். ஸேர் விழுந்த பிறகும் அடித்தீர்கள். தாடை உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. “இராயப்பன், விடுங்க, பொம்பளய ஏத்துவம்” என்று நானா உங்கள் தோளைப் பிடித்தார். நீங்கள் திரும்பிப் பார்க்காமல் வீசினீர்கள். அவருடைய இடது கை முழங்கைக்குக் கீழே மடிந்து தொங்கியது. அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, பின்னால் வந்து சேர்ந்த சின்னராசாவையும் கருப்பம்மாவையும் கூப்பிட்டு மதினியை ஏற்றினார். நானும் கால் பக்கம் பிடித்தேன். ஒற்றைக் கையால் அவ்வளவு வளைவும் ஓட்டினார். நீங்கள் வேன் புறப்பட்டதையே பார்க்கவில்லை.

இப்போது கொம்பனி பொலிஸில் என்ன சொல்லியிருக்கிறது தெரியுமா? டிரைவர்தான் கும்பலுக்குக் கதவைத் திறந்து கொடுத்தார், அவரும் சேர்ந்தவர் என்று. அவரையும் வழக்கில் போட்டுவிட்டார்கள். காப்புறுதியில் அவர் பெயர் இல்லை. கைக்குக் கம்பி வைக்க வேண்டும் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அவருடைய மகள் ஸைனப் எனக்குப் போன் எடுத்து அழுதாள்.

என்னிடம் வாக்குமூலம் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?

ஷிரோமி


பதுளைச் சிறை
16 மார்ச் 2025

ஷிரோமிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறேன்.

நான் மனிதன்தான். மனைவி கண்முன்னால் சாகும்போது கணக்குப் பார்த்துக்கொண்டா அடிப்பார்கள்? அதைச் சொல்ல உனக்கு என்ன உரிமை இருக்கிறது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெந்நீர்ப் பைக்காரியாக உட்கார்ந்திருந்தவள் நீ.

கேட்டுக்கொள். றீட்டா அப்போதே போய்விட்டாள். நான் அவளைக் கீழே வைத்தபோது மூச்சு இல்லை. அதனால் நான் அடித்த நேரத்துக்கும் அவள் சாவுக்கும் சம்பந்தம் இல்லை. இதை இனி எழுதாதே.

இப்போது உன்னால் ஆகிற காரியம் ஒன்று உண்டு. சங்கத்து ஆட்கள் வந்து பேசினார்கள். இத்ரூஸ் நானாவின் கையை உடைத்தது ஜெயகுமார் என்று நீ சொல்ல வேண்டும். ட்ரோன் வைக்கிற முக்காலிக் கம்பியால் அடித்தார், கதவைத் திறந்ததற்காக அடித்தார் என்று சொல். அப்படிச் சொன்னால் முதலில் கை வைத்தவர் அவராகிவிடுவார். நான் தடுக்கப் போய் அடித்தவனாவேன். இத்ரூஸ் நானாவும் வழக்கிலிருந்து வெளியில் வந்துவிடுவார். எல்லோருக்கும் நல்லது. ஜெயகுமாரை விட்டால் வேனுக்குள் இருந்த கொம்பனி ஆள் நீ ஒருத்திதான். நீ சொன்னால் கோர்ட் நம்பும். ஸில்மியாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் வழக்கை விட்டுவிடுவார். கடிதத்தை ஒட்டித்தான் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பிணையில் இருக்கும் இத்ரூஸ் நானா போன செவ்வாய் என்னைப் பார்க்க வந்தார். கட்டுப் போட்ட கையோடு, மற்றக் கையில் பிஸ்கட் பெட்டி. நான் தலை குனிந்து நின்றேன். “ஆரு அடிச்சதுன்னு நான் பாக்கல்ல, தம்பி. குளவி கண்ணுக்குள்ள வந்திச்சு” என்றார். அவர் பார்த்தார். எனக்குத் தெரியும். பார்த்தும் அப்படிச் சொல்கிறார். அவரே விட்டுவிட்ட ஒன்றை நீ எதற்குப் பிடித்துக்கொள்ள வேண்டும்?

விதுஷா பக்கத்துக் காம்பராவில் கருப்பம்மாவோடு இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகவில்லையாம். நான் எத்தனை வருசம் உள்ளே இருக்க வேண்டும் என்பது உன் வாயில் இருக்கிறது. ஒரு கதவை எனக்குப் பூட்டினாய். இதையாவது திற.

உன் அண்ணன்
இராயப்பன்


கரடிமலைத் தோட்டம், மேல் டிவிசன்
10 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

முகவரியைப் பார்த்திருப்பீர்கள். நான் நம் லயத்துக்கு வந்துவிட்டேன்.

வருவதற்கு முதல் நாள், கொம்பனியில் ஆட்கள் விசயங்களைப் பார்க்கிற காமில் என்பவர் ஹொட்டலுக்கு வந்தார். நல்ல மாதிரிதான் பேசினார். என்னை டுபாய் அலுவலகத்துக்கு மாற்றுகிறார்களாம். விமானத்தில் முன் வரிசை டிக்கட், அங்கே வீடு, வருசத்துக்கு இரண்டு தரம் ஊருக்கு வந்து போகிற செலவு. மேசையில் அவர் வைத்த வாக்குமூலத்தில் டிரைவர் தானாக இறங்கிக் கும்பலுக்குக் கதவைத் திறந்தார் என்று இருந்தது. ஸேர் பூட்டச் சொன்னது அதில் இல்லை. நான் வாசித்தேன். “மிஸ், உங்க அண்ணனப் பத்தி இதுல ஒண்ணுமே எழுதல. அது உங்களுக்காகத்தான்” என்றார். உண்மைதான், உங்கள் பெயர் எங்கேயும் இல்லை. “அடையாளம் தெரியாத நபர்கள்” என்று இருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தால் நீங்கள் சீக்கிரம் வெளியில் வந்திருக்கலாம். இத்ரூஸ் நானா உள்ளே போயிருப்பார்.

அவர்கள் எழுதிவைத்ததும் நீங்கள் சொல்லச் சொன்னதும் எனக்கு ஒரே மாதிரித் தெரிந்தன. இரண்டிலும் நானாவின் கை யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது.

வேலையை விடுவதாக அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன். காவல்காரர் பெட்டியைத் தூக்க வந்தார். வேண்டாம் என்றேன். பஸ்ஸில் வந்து பண்டாரவளையில் இறங்கி நேரே பொலிஸுக்குப் போனேன். ட்ரோனைப் பற்றி எச்சரித்தது, ஸேர் பூட்டச் சொன்னது, நான் பூட்டியது, நானா திறந்தது, நீங்கள் ஸேரை அடித்தது, நானாவின் கையில் அடித்தது எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “இவர் உங்கட அண்ணன்தானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். போன வருசம் அம்புலன்ஸை நிறுத்தச் சொன்ன அறிக்கை எங்கள் கொம்பனியுடையது என்பதையும் சொன்னேன். அதை நான்தான் டைப் செய்தேன்.

இன்னொன்று. அதை எழுதாமல் விடலாமா என்று நாலைந்து நாளாக யோசித்தேன். கருப்பம்மா சொல்லிவிட்டார். நாளைக்குக் கோர்ட்டிலும் சொல்வார், அதற்கு முன் என்னிடமிருந்து கேட்டுக்கொள்ளுங்கள். மதினி ரோட்டில் சாகவில்லை. வேனில் கருப்பம்மாவின் மடியில் தலை வைத்திருந்தார். பண்டாரவளை டவுன் தெரிகிற வளைவு வரைக்கும் மூச்சு இருந்தது. கருப்பம்மாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அங்கே வந்ததும் பிடி விட்டுப்போனது. இன்னும் கொஞ்சம் முந்தியிருந்தால் என்று இத்ரூஸ் நானா எங்கேயும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கதவில் போன நேரம் எனக்கு, அடியில் போன நேரம் உங்களுக்கு. இதை நாம் இரண்டு பேரும்தான் சுமக்க வேண்டும்.

விதுஷா என்னோடு பேசுவதில்லை. நான் வந்த அன்று தட்டை எடுத்து என் மேல் வீசினாள். நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே நடந்தேன். கல்லை எடுத்து எறிந்துகொண்டே போனாள். ஆனால் போனாள். இப்போது தினமும் போகிறாள்.

பதுளைக்கு வந்தேன். நீங்கள் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினீர்கள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். திரும்பவும் வருவேன்.

ஷிரோமி


பதுளைச் சிறை
27 ஏப்ரல் 2025

ஷிரோமிக்கு,

சாட்சிகளை வெளியில் நிறுத்தியிருந்தார்கள். அதனால் கோர்ட்டுக்குள் நடந்ததை நீ பார்க்கவில்லை. மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். நானும் எழுதுகிறேன்.

கொம்பனி வக்கீல் இத்ரூஸ் நானாவைக் கூட்டுக்களவாணி மாதிரிப் பேசினார். கை எப்படி முறிந்தது என்று கேட்டார். நானா பழையபடி, “பாக்கல்ல சேர், குளவி” என்றார். வக்கீல் சிரித்தார். கதவைத் திறந்த கண்ணுக்கு அடித்தவனைத் தெரியவில்லையா என்று கேட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் கை எழுந்தது. உன் மதினி சொன்னது போல் காது அடைக்கப் பார்த்தது. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“ஐயா, அந்தக் கைய ஒடச்சது நான். அவரு என் பொண்டாட்டிய ஏத்தத்தான் கூப்புட்டாரு. நான் காதுல வாங்கல” என்றேன். ஸில்மியா என் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. “கதவு தொறந்து கெடந்திச்சு. நான் அடிச்சிக்கிட்டு நின்னேன்” என்று அதையும் சொன்னேன். யாரும் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

நீதவான் இத்ரூஸ் நானாவை வழக்கிலிருந்து எடுத்துவிட்டார். ஜெயகுமாரின் பாஸ்போட்டைக் கோர்ட்டில் கொடுக்கச் சொன்னார். எனக்குப் பிணை இல்லை. பெரிய கோர்ட்டுக்குப் போகுமாம். வருசக்கணக்கு ஆகும் என்கிறார் ஸில்மியா.

நானா வெளியில் போகும்போது என் பக்கம் வந்தார். கம்பிக்குள்ளால் நல்ல கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன்.

றீட்டா அந்த வளைவு வரைக்கும் உயிரோடு இருந்தாள் என்று நீ எழுதியதை நான் இரவு பகலாக வாசிக்கிறேன். எனக்கு அது முதலே தெரியும். அவளைக் கீழே வைத்தபோது மூச்சு இருந்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் உனக்கு அப்படி எழுதினேன்.

நீ சொன்னதெல்லாம் உண்மை. அதில் ஒரு சொல்லுக்கும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கதவை என்னால் மன்னிக்க முடியவில்லை. முயற்சி செய்தேன். கண்ணை மூடினால் அந்தச் சத்தம்தான் கேட்கிறது. என்னையும் நான் மன்னிக்கவில்லை, அதனால் நீ மட்டும் என்று நினைக்காதே. இனிப் பார்க்க வர வேண்டாம். வந்தால் மறுபடியும் வாசலோடு திருப்பி அனுப்புவேன். கடிதமும் வேண்டாம். விதுஷாவை ஸில்மியாவோடு அனுப்பு, அவளைப் பார்க்கிறேன்.

பிள்ளை உன்னிடமே இருக்கட்டும். உன்னை விட்டால் அவளுக்கு இங்கே ஆள் இல்லை. தட்டை வீசினால் வீசட்டும். நீ எங்கேயும் போகாதே.

மழைக்காலத்தில் அவளுக்கு இழுப்பு வரும். நெஞ்சு ஏறி இறங்கும், உதடு நீலமாகும். அப்படி வந்தால் அம்புலன்ஸுக்குக் காத்திருக்காதே. தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கு. வருகிற வண்டி யாருடையதாக இருந்தாலும் குறுக்கே நின்று மறி. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகப் பார்த்தால் கல்லை எடுத்து உடை. நான் சொல்கிறேன், உடை. ஆனால் உடைத்த கையோடு முதலில் பிள்ளையை ஏற்று.

இராயப்பன்